வால் வண்டி

பிப்ரவரி, முதல் ஞாயிறு

அன்புள்ள ஆர்டனுக்கு, அண்ணி எழுதுவது.

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, அந்த அளவுக்கு நலம். நீயும் உன் அக்கா வெர்னாவும் நலமென்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. நான் போன் செய்யும்போதெல்லாம் நீ மாட்டுக்கொட்டகையில் இருப்பதாக வெர்னா சொல்கிறாள். நெப்ராஸ்காவில் இருக்கிற மாடுகள் மொத்தத்துக்கும் நீ ஒருவன்தான் போலிருக்கிறது. அதனால்தான் கடிதம். இதை நீ மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்தும் படிக்கலாம்.

இங்கே இந்த வருஷம் பனி பேருக்குத்தான் விழுந்தது. பீச் மரங்கள் ஏமாந்துபோய் இப்போதே மொட்டு விடப் பார்க்கின்றன. உன் வீட்டை அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். குழாய் எதுவும் உறைந்து வெடிக்கவில்லை. தபால் பெட்டியில் குருவி கூடு கட்டியிருக்கிறது, அதை நான் கலைக்கவில்லை. ஓரினுக்கு இடுப்பெலும்பு மாற்றி வைத்தார்கள். ஜீப்புக்கு அச்சு மாற்றுகிற வேலையில் பாதிகூட இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். லாரூ இன்னும் பள்ளிக்கூட பஸ்தான் ஓட்டுகிறாள், பிள்ளைகளைவிட அவள் சத்தம்தான் இன்னும் அதிகம்.

என் பாடு எப்படி என்று கேட்டால், சமையல் மறந்துகொண்டு வருகிறது. ஒருத்திக்கு என்ன சமைப்பது? முன்பெல்லாம் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உன் அண்ணன் லமாருக்காகக் காத்திருப்பேன். கடை போனிலிருந்து கூப்பிட்டு, "இதோ தெருமுனைக்கு வந்துட்டேன் நெல்டா, தட்டை எடுத்து வை" என்பார். பின்னாலேயே சாவி அறுக்கிற மெஷின் சத்தம் கேட்கும். தெருமுனையில் எவன் போன் வைத்திருந்தான், எவன் சாவி அறுத்தான்? ஒரு நாளும் நான் அதைக் கேட்டதில்லை. தட்டை எடுத்து வைத்து, அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைப்பேன். இப்போது சாப்பாடு ஆறுவதே இல்லை, சூடாகவே சாப்பிடுகிறேன், பிடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஜீப் சங்கத்துக் கூட்டம் ஓரினின் கராஜில் நடந்தது. நான் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பத்தான் போனேன். ஓரின் எழுந்து நின்று, "அந்தச் செப்டம்பருக்கு அப்புறம் நாம ஒரு தடவைகூட வெளியே போகல. இனியும் எதுக்கு இழுக்கணும்? சங்கத்தைக் கலைச்சுடலாம்" என்றார். எல்லாரும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "கழுதைக்காதுப் பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் பயணம் போடுங்க. ஏற்பாடெல்லாம் நான் பண்றேன். நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

லாரூதான் முதலில் வாயைத் திறந்தாள். "அக்கா, மளிகைக் கடை வரைக்கும் கார்ல வந்தாலே உங்களுக்கு வாந்தி வருமே. கழுதைக்காதுல எதை எதை வெளியே தள்ளப் போறீங்களோ" என்றாள். கராஜ் முழுக்கச் சிரித்தது. அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று உனக்குத் தெரியாது ஆர்டன். சிரித்தபிறகு எல்லாருக்கும் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.

வாந்தி வரட்டும். முப்பது வருஷமாக உங்களுக்கெல்லாம் சாண்ட்விச் கட்டிக் கொடுத்து வாசலில் நின்று கையாட்டியவள் நான். அந்தப் பள்ளத்தாக்கின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது. லமார் கடைசியாகப் பார்த்த பாறையையும் மணலையும் வானத்தையும் ஒருமுறை நானும் பார்க்கவேண்டும். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை என்று வைத்திருக்கிறோம். செப்டம்பர் இனி ஒருபோதும் இல்லை என்று எல்லாருமாக முடிவு செய்தாயிற்று. ஏப்ரலில் மேட்டு நிலத்தில் இடிமழை பெய்யாது, ஓடைகள் வறண்டு கிடக்கும். கிளம்புவதற்கு முந்தின நாளும் அன்று காலையும் வானிலை நிலையத்துக்குப் போன் செய்யவேண்டியது என் பொறுப்பு. நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறதா என்று கேட்கக்கூடாது, மேட்டில் என்ன நிறமாக இருக்கிறது என்று கேட்கவேண்டுமாம், அங்கே பெய்கிற மழைதான் பள்ளத்தாக்கில் வெள்ளமாக இறங்குமாம். ஓரின் இதை எனக்கு மூன்று தடவை சொன்னார். சொல்லும்போது ஒரு தடவையும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதிதாக ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக நம் விதிகளைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள், என் கண்ணாடி கையில் இருந்ததால் நானே வாசித்தேன். உனக்குப் போய் இதை எழுதுவது அபத்தம்தான். பின்னால் வருகிற வண்டிக்கு முன்னால் போகிறவன் பொறுப்பு. பாதை பிரிகிற இடத்தில், பின் வண்டி கண்ணில் படும்வரை நின்று, அதற்குத் திசையைக் காட்டிவிட்டுத்தான் திரும்பவேண்டும். பிரிவில் யாரும் நிற்கவில்லை என்றால் நேராகப் போ என்று அர்த்தம். வாசித்து முடித்தபோது பல் டாக்டரின் மனைவி மட்டும், "எவ்ளோ நல்ல விதி" என்றாள். பாவம், அவளுக்குத் தெரியாது.

வண்டி வரிசையும் ஓரளவு முடிவாகிவிட்டது. முன்னால் ஓரின். அடுத்து பல் டாக்டர் தம்பதி, அப்போதுதான் அவர்களை இரண்டு பக்கத்திலிருந்தும் கண்காணிக்கலாம். அப்புறம் லாரூ. எல்லாருக்கும் கடைசியாக வருகிற வால் வண்டிக்கும் ஆள் கிடைத்தாயிற்று, யாரென்று பிறகு எழுதுகிறேன். வாலுக்கு முன்னால் இருக்கிற இடம்தான் காலி. அது உன் இடம். வேறு யாரைக் கேட்டாலும், "அது ஆர்டனோட இடம், நாங்க எப்படி" என்கிறார்கள். உன் ஜீப்பை வெர்னா வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பார். வருவாய் என்று எண்ணி உன் பெயரை எழுதிவிட்டேன்.

கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன் அண்ணி,
நெல்டா


மார்ச், மூன்றாவது வாரம்

அன்புள்ள ஆர்டனுக்கு,

உன் அட்டை வந்து சேர்ந்தது. மாட்டின் படம் போட்ட அட்டை கிடைத்தது ஆச்சரியமில்லை. "அண்ணி, முடியாது. பின்கண்ணாடியைப் பார்க்காதவன் இனி யாருக்கும் முன்னால் போகக்கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள்." இவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்து எழுதுகிற முதல் கடிதம். எங்கள் சபையில் சாவு அறிவிப்புகூட இதைவிட நீளமாக வாசிப்பார்கள்.

நான் உன் பெயரை அடிக்கவில்லை. அடிக்க மனசு வரவில்லை என்று சொல்லமாட்டேன், அடிக்கப் போவதில்லை என்றுதான் சொல்கிறேன். கோபித்துக்கொள்வதானால் நேரில் வந்து கோபித்துக்கொள்.

லமாரின் ஜீப் வீட்டுக்கு வந்துவிட்டது. உனக்குத் தெரியாமல் இருக்கலாம், நீ போனபிறகுதான் ஓரினும் மற்றவர்களும் அதை எடுத்துவந்து கராஜில் வைத்துச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். வண்டியா, குப்பையா என்று தெரியாத நிலையில் இருந்தது. முதலில் யாருக்கும் அதைத் தொட மனசில்லை. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொருவராக வந்து ஒரு நட்டு, ஒரு வயர், ஒரு கதவு என்று பார்த்திருக்கிறார்கள். ஆண்களுக்கு அழத் தெரியாது, ஸ்பேனரை எடுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஓரின் அதை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை என் கையில் வைத்துவிட்டு, நடந்தே திரும்பிப் போனார், புது இடுப்பெலும்போடு.

இன்ஜின் நன்றாக ஓடுகிறது. ஹீட்டரைப் போட்டால் மட்டும் இன்னும் செம்மண் முகத்தில் அடிக்கிறது. எத்தனை முறை ஊதினாலும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது என்கிறார்கள். நான் முதல் நாள் அதைப் போட்டுவிட்டு, மடியெல்லாம் சிவப்பாக, வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன். துடைத்து எடுத்த மண்ணைக் கொட்ட மனசு வராமல் ஜாம் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். சிரிக்காதே.

இப்போது எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். சாதாரணமாக ஓட்டத் தெரியும், அது ஓட்டுவதில் சேர்த்தியில்லை என்கிறார் ஓரின். மணலில் இறங்குமுன் டயரில் காற்றைப் பாதியாக இறக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. முப்பது வருஷமாக நீங்களெல்லாம் வாசலில் உட்கார்ந்து "காத்தை இறக்கு, காத்தை இறக்கு" என்று பேசிக்கொண்டது ஏதோ ஆண்பிள்ளைக் கேலிப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். லாரூவிடம் சொன்னபோது அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மணல்மேட்டில் ஏறும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேனாம். "அக்கா, கண்ணைத் திறந்துட்டே சாமி கும்பிடலாம், தப்பில்ல" என்கிறாள். கறுப்பு மண் படிந்த இடத்தில் டயர் படக்கூடாது, அது உயிருள்ள மண் என்பதை மட்டும் நான் மறப்பதில்லை. லமார் அதை எத்தனை முறை சொல்லியிருக்கிறார். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஒன்று ஓரினின் பூட்ஸ் மேல்.

வால் வண்டியில் யார் என்று இந்நேரம் ஊகித்திருப்பாய்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். ஜீப்பைக் கொடுத்தபோது, அதிலிருந்து எடுத்த பொருள்களையும் ஓரின் தனியாகக் கொடுத்தார். இத்தனை நாள் கராஜ் பரணில் வைத்திருந்தாராம், என்னிடம் காட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல். பின்பக்கத்து இரும்புப் பெட்டியில் இருந்ததால் தண்ணீரில் போகாமல் தப்பித்தவை அவை. கயிறு, ஜாக்கி, ஒரு கையுறை. கூடவே அவருடைய குப்பைச் சாக்கு.

அந்தச் சாக்கு உனக்குத் தெரியும். ஒவ்வொரு பயணத்துக்கும் நான்தான் துவைத்து, காலியாக மடித்துக் கொடுப்பேன். எவன் எவனோ குடித்துவிட்டுப் போடுகிற டின்னையெல்லாம் இவர் இறங்கி இறங்கிப் பொறுக்குவார். அன்றைக்கும் காலியாகத்தான் கொடுத்தேன். இப்போது அது வாய்வரை நிறைந்திருக்கிறது. பியர் டின், பாட்டில், ஒரு குழந்தைச் செருப்பு. வாயைச் சுருக்கி முடிச்சுப் போட்டிருக்கிறார், அவர் முடிச்சுதான்.

ஒரு சாக்கு நிறைகிற அளவுக்கு ஒரு மனுஷன் எத்தனை தடவை இறங்கி ஏறியிருப்பார்? உன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தவரால் அது எப்படி முடிந்திருக்கும்? அடக்கம் முடிந்து எல்லாரும் சபைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, நீ எழுந்து நின்று, "நான் கண்ணாடியைப் பாக்கல. பிரிவுல நிக்காம திரும்பிட்டேன். தப்பு என்னுது" என்றாய். யாரும் மறுத்துப் பேசவில்லை, நானும் பேசவில்லை. முப்பது வருஷம் அவர் முன்னால் வண்டி ஓட்டியவன், அன்றைக்கு மட்டும் ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

நீண்ட கடிதம் வேண்டாம். மாட்டுப் படம் போட்ட அட்டை போதும். உண்மையை எழுது.

உன் அண்ணி,
நெல்டா


ஏப்ரல், ஈஸ்டர் முடிந்த செவ்வாய்

அன்புள்ள ஆர்டனுக்கு,

அட்டை வரவில்லை. இனி அனுப்பவும் வேண்டாம்.

போன சனிக்கிழமை ஓரினும் லாரூவும் நானும் பாதை பார்த்து வரப் போனோம். குளிர்காலத்தில் பாறை ஏதும் சரிந்து வழியை அடைத்திருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்க்காமல் மற்றவர்களைக் கூட்டிப்போகக் கூடாதே. லாரூ வண்டியில் நான் உட்கார்ந்துகொண்டேன். ஓரின் முன்னால் போனார்.

கழுதைக்காது இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருப்பீர்கள், நான்தான் காதில் வாங்கியிருக்கமாட்டேன். இரண்டு பக்கமும் செக்கச்செவேல் என்று சுவர் எழும்பி, நடுவில் வானம் ஒரு துண்டாகத் தெரிகிறது. ஓடையோரம் காட்டன்வுட் மரங்கள் அப்போதுதான் இலை விட்டிருந்தன. எனக்கு வாந்தி வரவில்லை. லாரூ அடிக்கடி திரும்பிப் பார்த்து, "இன்னும் இல்லையா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

பாதை பிரிகிற இடத்துக்கு வந்தோம். வலக்கைப் பாதை மேலே பாறைக்கு ஏறுகிறது, இடக்கைப் பாதை நேராகக் குறுகலுக்குள் போகிறது. பார்த்தவுடனே புரிந்தது. தடம் தெரியாதவன் எவனும் நேராகத்தான் போவான். ஓரின் வலது பக்கம் திரும்பி, எங்களுக்காக நின்று கைகாட்டினார். லாரூ திரும்பவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, ஆர்டன் அன்னிக்கு இங்க நின்னார். நிக்காம போனேன்னு அவர் சொன்னது பொய். நான் அவருக்கு முன்னாடி வண்டி, எனக்கு நல்லாத் தெரியும். மேட்டுல மேகம் கறுக்குது, இடக்கை வேணாம், எல்லாரும் வலது பக்கம் மேல ஏறுங்கன்னு ஓரின் ரேடியோவில கத்துறார், அது அண்ணன் வரைக்கும் எட்டல போல. ஆர்டன் இங்கயே நின்னுக்கிட்டு, ‘அண்ணே, எங்க இருக்கீங்க, உங்க வண்டி தெரியலையே’ன்னு கேட்டார். அண்ணன் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. ‘உன் வாலைப் பிடிச்சுக்கிட்டுத்தான்டா வர்றேன், இதோ இந்த வளைவுலதான் இருக்கேன், நீ போ’ன்னார். அதுக்கப்புறம்தான் ஆர்டன் திரும்பினார். மேல ஏறி நின்னு பாத்தா அண்ணன் வரல, பிரிவுல யாரும் இல்லன்னு நேரா இடக்கைக்குள்ள போயிட்டார். ரேடியோவும் எடுக்கல, சுவர் மறைச்சிடுச்சு. ஆர்டன் வண்டியைத் திருப்பறதுக்குள்ள கீழ தண்ணி வந்துடுச்சு."

ஏன்டி இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ சத்தியம் வாங்கிக்கொண்டாயாம். "செத்தவர் மேல பழி வேணாம் லாரூ. அண்ணி மனசுல அண்ணன் எப்படி இருக்காரோ அப்படியே இருக்கட்டும். அவர் பொய் சொல்லித்தான் செத்தார்னு அவங்களுக்குத் தெரியவே கூடாது" என்றாயாம். சொல்லிவிட்டு அவள் அழுத அழுகையைப் பார்த்து, ஓரின் தன் வண்டியை விட்டு இறங்கி நொண்டிக்கொண்டே ஓடிவந்தார்.

நான் சிரித்தேன் ஆர்டன். அவர் செத்துப்போன பள்ளத்தாக்கின் வாசலில் நின்றுகொண்டு சத்தம் போட்டுச் சிரித்தேன், இரண்டு பேரும் பயந்துபோனார்கள். பிறகு எப்போது அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

இதோ இந்த வளைவில்தான் இருக்கிறேன். இதோ தெருமுனைக்கு வந்துட்டேன். அட மடையா, அந்தப் பொய்யை எனக்குத் தெரியாமல் மறைக்கவா நீ ஊரைவிட்டுப் போனாய்? அந்தப் பொய்யோடுதான் நான் முப்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணினேன். என் பிரசவ வலியில்கூட, "ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்" என்று கடையிலிருந்து சொன்ன மனுஷன் அவர். ஏமாற்றுவதற்காகச் சொன்னதில்லை. யாரும் தனக்காகக் காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். நாம் நிம்மதியாகப் போகட்டும், சாப்பிடட்டும் என்பதற்காகச் சொல்வார். நீயும் நானும் மட்டும்தான் அதை எப்போதும் நம்புகிற மாதிரி நடித்தோம். அன்றைக்கு நீ நிஜமாகவே நம்பிவிட்டாய், மேலே மேகம் கறுத்துக்கொண்டிருந்ததால்.

எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது. இரண்டு வருஷமாக யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் உன் மேல் பட்டேனா, ஓரின் மேல் பட்டேனா, கடவுள் மேல் பட்டேனா, எனக்கே சொல்லத் தெரியவில்லை. இப்போது ஆள் தெரிந்துவிட்டது, ஆனால் சண்டை போட ஆள் இல்லை. அந்தச் சாக்கை அவர் முகத்தில் விட்டெறியவேண்டும் போலிருக்கிறது. குப்பை பொறுக்கினேன், அரைமணி நேரம் பின்னால் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வலித்ததா? உன்னை ஏன் அரைமணி நேரம் நிற்கவைக்கக் கூடாது? நீ நின்றிருப்பாய். நாள் முழுக்க நின்றிருப்பாய்.

உன் மேலும் கோபம்தான். நல்லவனாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, நீயும் அவரைப் போலவே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கண்காணாத இடத்துக்குப் போய்விட்டாய். நான் ஒரே நாளில் இரண்டு பேரை இழந்தேன். அவரைத் தண்ணீர் கொண்டுபோனது, உன்னை எது கொண்டுபோனது? ஞாயிற்றுக்கிழமை மேசையில் உன் நாற்காலி அப்படியே கிடக்கிறது. பாவப்பட்டு வருகிறவர்களுக்குப் பரிமாறிப் பரிமாறி எனக்குச் சலித்துவிட்டது. என் வீட்டில் என்னைக் கேலி செய்கிறவன் ஒருவன் வேண்டும்.

இனி பயணத்துக்கான ஏற்பாடு. கவனமாகப் படி.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, பொழுது விடிந்ததும் ஓரினின் கராஜில் கூடுகிறோம். மண் சாலை ஆரம்பிக்கிற மாடுகளைத் தடுக்கிற கதவுப் பக்கம் எல்லாரும் டயர் காற்றை இறக்கிக்கொள்வோம். என் டயரை நானே இறக்குவேன். தண்ணீர் கேன் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு. சாப்பாடு என் பொறுப்பு. ஹாம், பன், கேரட் போட்ட பச்சை ஜெல்லி, அப்புறம் சாவு வீட்டு உருளைக்கிழங்கு. சீஸும் கார்ன்ஃபிளேக்ஸும் மேலே போட்டு நான் சுடுகிறது, அவர் அடக்கத்தன்று ஊர் முழுக்கச் செய்து கொண்டுவந்ததில் நீ ஒரு வாய்கூடத் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை சாப்பிடவேண்டும்.

பிரிவு வந்ததும் ஓரின் மற்றவர்களை வலக்கையில் மேலே கூட்டிக்கொண்டு போவார். இடக்கைக்குள் நான் போகவேண்டும். அவர் வண்டி நின்ற இடம் அங்கே இருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன், ஜாம் பாட்டில் மண்ணை அங்கேயே போட்டுவிட்டு வருவேன். ஓரினுக்கு முதலில் சம்மதமில்லை. கடைசியில், "ஆர்டன் முன்னால போனா மட்டும் நீ உள்ளே போ. அவன் வரலேன்னா நீயும் மத்தவங்களோட மேல வந்துடணும். சரியா?" என்றார். நான் தலையாட்டினேன். நான் தலையாட்டியதை எல்லாம் நம்பக்கூடாது என்று ஓரினுக்கு இன்னும் தெரியவில்லை.

அதனால் நீ எனக்கு முன்னால் இருக்கவேண்டும். நான் மெதுவாகத்தான் வருவேன். மணல்மேட்டில் கண்ணை மூடுவேன். வழியில் ஒன்றிரண்டு இடத்தில் இறங்கவும் நேரலாம், வாந்திக்காக, இல்லாவிட்டால் கண்ணில் ஏதாவது டின் பட்டால். சாக்கைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஜீப்பில் ரேடியோ புதிதாகப் பொருத்தியிருக்கிறார்கள். நான் அதில் ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை. வந்துட்டேன், வந்துட்டேன் என்று சொல்கிற வேலை எங்கள் வீட்டில் போதும். "எங்கே இருக்கிறீர்கள்" என்று நீ கேட்டாலும் பதில் சொல்லமாட்டேன். பிரிவில் நீ நின்று, கண்ணாடியில் என் விளக்கைக் கண்ணால் பார்க்கவேண்டும். பார்க்கிறவரை நிற்கவேண்டும். எவ்வளவு நேரமானாலும் நான் வந்துவிடுவேன்.

நீ வராவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? நெப்ராஸ்கா வரைக்கும் வந்து தார்ப்பாயை இழுக்கவா முடியும்? விதிகளை நான்தான் சத்தமாக வாசித்தேன், எனக்கு மனப்பாடம். பிரிவில் யாரும் நிற்கவில்லை என்றால் நேராகப் போ என்று அர்த்தம். அங்கே தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது ஆர்டன்.

வெர்னாவுக்கு என் அன்பைச் சொல். அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் ஓட்டாமல் நடுவில் எங்காவது தங்கித் தூங்கிவிட்டு வா. நீ வருகிற வழியெல்லாம் வானம் வெளுத்திருக்கட்டும். கிளம்பும்போது பின்கண்ணாடியைத் துடைத்துக்கொள்.

உன் பின்னால் வருகிற,
அண்ணி நெல்டா